மானிப்பாயில் எழுந்த சரீர சாஸ்திரம்

யாழ்ப்பாண நகரத்திலிருந்து காரைநகருக்குச் செல்லும் வீதியில் சில மைல் தூரம் போனால் வருகிற மானிப்பாய் என்னும் ஊர், பனைகளும் தோட்டக் கிணறுகளும் மருதடிப் பிள்ளையார் கோயிலும் உடையதாய், பார்வைக்கு அக்குடாநாட்டின் மற்ற ஊர்களினின்றும் பெரிதும் வேறுபடாததாய் இருப்பினும், மனித சரீரம் எவ்வாறு அமைந்திருக்கிறது, அதன் உறுப்புகள் எவ்வாறு தொழிற்படுகின்றன, அவற்றைக் கெடாமல் காப்பது எங்ஙனம் என்னும் விஷயங்களை மேனாட்டுச் சாஸ்திர முறைப்படி தமிழ் வசனத்தில் விளக்கும் நூல்வரிசை ஒன்று சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கேதான் உருவாயிற்று என்ற காரணத்தால், தமிழ் உரைநடையின் சரித்திரத்தை எழுதுவோர் எவரும் விட்டுவிட முடியாத ஊராகும். ஆயினும் பெரும்பாலோர் அதை விட்டுவிட்டார்கள். கவிதைக்கும் நாவலுக்கும் பிறந்த நாள் பார்த்துப் பாராட்டிய நம் இலக்கிய சரித்திரக்காரர், இரத்தம் ஓடுவதையும் உணவு சீரணிப்பதையும் தமிழில் சொல்லப் புகுந்தவர்களின் பிரயத்தனத்தை ஓர் அடிக்குறிப்பளவுக்கு மேல் மதித்ததில்லை. அந்தக் குறையை ஓரளவேனும் நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் காலூன்றினார்கள். பண்டத்தரிப்பில் வைத்தியத்தை முதலில் தொடங்கிய ஜான் ஸ்கடர் பின்னர்ச் சென்னைக்குப் போய்விட்டார். வட்டுக்கோட்டையில் 1823இல் நிறுவப்பட்ட செமினரி, கணிதமும் வானசாஸ்திரமும் கற்றுத் தேர்ந்த தமிழ் இளைஞர் கூட்டம் ஒன்றை உண்டாக்கியது. மானிப்பாயில் மிஷனின் அச்சுக்கூடம் இயங்கியது. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' பத்திரிகை, நாட்டு விஷயங்களோடு சாஸ்திர விஷயங்களையும் வசனத்தில் படிக்கும் பழக்கத்தை ஊராருக்கு ஏற்படுத்தியது. இங்ஙனம் வாசகரும் அச்சும் மொழிபெயர்க்க வல்லாரும் ஓரிடத்தில் கூடியிருந்த வேளையில், 1847ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதே நிறைந்த ஒரு வைத்தியர் அங்கே வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரத்தருகே கிறீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் 1822 அக்டோபரில் பிறந்தவர்; நியூயார்க்கில் வைத்தியம் பயின்றவர். அவர் சகோதரர்களுள் ஒருவராகிய ஆன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பார்க் உருவாவதில் முன்னின்று உழைத்து, அந்நகரத்தின் பெருமக்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவர். தம்பி தேடிக்கொண்ட கீர்த்தியோ பூமிக்கு மறுபுறத்தில், பிறிதொரு பாஷையில் அமைந்தது. அவர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டின் டிசம்பரில், மானிப்பாயிலிருந்து சில மைலே தள்ளியுள்ள நல்லூரில், ஆறுமுக நாவலரும் பிறந்தார். கிறீன் மானிப்பாயில் மாணாக்கர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய 1848ஆம் ஆண்டே நாவலர் வண்ணார்பண்ணையில் தம் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆண்டுமாம். ஒருவர் மிஷனரி, மற்றவர் மிஷனரிமாரை எதிர்த்து நின்றவர். ஆனால் எளிய, பிழையற்ற, யாவர்க்கும் விளங்கும் தமிழ் வசனமே தம் கருத்துக்குத் தக்க கருவி என்று கண்டதில் இருவரும் ஒரே காலத்தின் புத்திரர்களே.

கிறீன் வந்தபோது யாழ்ப்பாணத்தில் சரீரத்தைப் பற்றிய அறிவு இல்லாமலிருந்தது என்று எவரேனும் சொன்னால் அது பெரும் பிழை. ஊர்தோறும் பரியாரிமார் இருந்தார்கள். அவர்களுடைய ஏடுகளில் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றன் நிலைபேறும், எழுபத்தீராயிரம் நாடிகளின் கணக்கும், மூலிகைகளின் குணபேதங்களும் செய்யுளாகப் பாடி வைக்கப்பட்டிருந்தன. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நோயாளியின் நிலையை உணரும் திறமை, பல தலைமுறை அனுபவத்தின் சாரம். எனினும் அந்தக் கல்வி குருவிடமிருந்து சீடனுக்கும், தகப்பனிடமிருந்து மகனுக்கும் இறங்குவதாய், பொருள் மறைந்த பரிபாஷையில் கட்டப்பட்டதாய் இருந்ததேயன்றி, நோயாளியே எடுத்துப் படித்துத் தன் நெஞ்சுக்கூட்டினுள் என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்வதற்காக எழுதப்பட்டதன்று. சோழநாட்டிலே, தஞ்சை சரபோஜி மன்னர் மேனாட்டு வைத்திய நூல்களைச் சேகரித்துத் தன்வந்திரி மகாலில் ஆராய்ச்சி நடத்தினார் என்பதும் உண்மை. ஆனால் அரண்மனை அறிவு தெருவுக்கு வந்து சேர்ந்திலது. அறுத்துப் பார்த்து அறிந்த உடலமைப்பு, சோதித்துப் பார்த்து அறிந்த உடற்றொழில், இவ்விரண்டும் அச்சுப் புத்தகமாகித் தமிழ் படிக்கத் தெரிந்த எவர் கையிலும் போய்ச் சேரவேண்டும் என்பது புதிய எண்ணம்.

இந்த இடத்தில் கிறீனுடைய விவேகத்தைக் கவனிக்க வேண்டும். தம் மாணாக்கருக்கு உடனடியாக வேண்டியவை வைத்தியத் தொழில் நூல்களாயிருக்க, சரீர சாஸ்திரத்தில் அவர் முதலில் தமிழாக்கியது வைத்தியருக்கென்று எழுதப்பட்ட கிரந்தமே அன்று. கல்வின் கட்டர் என்னும் அமெரிக்க வைத்தியர் பள்ளிக்கூடங்களுக்கும் குடும்பங்களுக்குமாக எழுதிய நூல் ஒன்று அக்காலத்தில் அந்நாட்டில் மிகுந்த பிரசாரம் பெற்றிருந்தது. எலும்பு, தசை, பல், இரைப்பை, இரத்தவோட்டம், சுவாசம், தோல், நரம்பு என்று ஒவ்வோர் உறுப்புத் தொகுதியாக எடுத்துக்கொண்டு, முதலில் அதன் அமைப்பையும் அடுத்து அதன் தொழிலையும் கடைசியில் அதைப் பேணும் முறையையும் சொல்லி, பக்கத்தின் அடியில் கேள்விகளும் கொடுத்து, சாமானியனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் போக்குடையது அந்நூல். அதையே கிறீன் 1850களில் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரால் தமிழில் வெளியிட்டார். அங்காதிபாதம் என்பது உடலமைப்பு. சுகரணம் என்பது உடற்றொழில். உற்பாலனம் என்பது உடலைப் பேணுதல். பெயர் இன்று நமக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். நூலின் உட்கிடையோ, வைத்தியனாகப் போகாத மனிதனுக்கும் தன் சரீரத்தை அறிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதே. தமிழில் இந்தச் சாஸ்திரம் பொதுமக்களை நோக்கி முகம் வைத்துத் தொடங்கிற்று என்பதை நான் மிகவும் முக்கியமான விஷயமாகக் கருதுகிறேன்.

அந்தக் காலத்து வாசகன் இத்தகைய நூலில் கண்ட புதுமை எத்தகையது என்பதை இரத்தவோட்டத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். நாடி துடிக்கிறது என்பதைத் தமிழன் அறியாதவனல்லன். ஆனால் அந்தத் துடிப்பு இருதயத்தினின்று எழுந்து நாளச் சுவரின் வழியே பரவும் ஓர் அலை என்பதும், அந்த அலை இரத்தத்தைக் காட்டிலும் வெகு வேகமாக மணிக்கட்டை வந்தடைகிறது என்பதும், அதன் பின்னால் வரும் இரத்தம் மயிரினும் நுண்ணிய குழாய்களில் நுழைந்து, வேறு குழாய்களின் வழியே புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போகிறது என்பதும் அவனுக்கு நூதனம். ஐரோப்பாவிலேயே இது நெடுங்காலம் தெரியாதிருந்தது. உணவிலிருந்து ஈரலில் இரத்தம் புதிது புதிதாக உண்டாகி, உறுப்புகளுக்குப் போய் அங்கேயே செலவாகிவிடுகிறது என்று கிரேக்க வைத்தியர் காலத்திலிருந்து நம்பி வந்தார்கள். 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி அந்த நம்பிக்கையை உடைத்தது எந்த அபூர்வமான யந்திரத்தாலும் அன்று. ஒரு பெருக்கல் கணக்கினாலேயே உடைத்தார். இருதயம் ஒரு துடிப்பில் இவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது, அரை மணி நேரத்தில் இத்தனை தடவை துடிக்கிறது என்று, மிகவும் குறைத்தே அளவிட்டுப் பெருக்கிப் பார்த்தபோதும், சரீரத்திலுள்ள முழு இரத்தத்தையும் மிஞ்சிய ஒரு தொகை வந்து நின்றது. அவ்வளவு இரத்தத்தை அத்தனை சீக்கிரம் உணவு உண்டாக்கவும் முடியாது, உறுப்புகள் குடித்துத் தீர்க்கவும் முடியாது; ஆகவே போன இரத்தமே திரும்பி வருகிறது என்பதைத் தவிர வேறு முடிவில்லை.

இந்த நியாயத்தை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனைவிடத் தகுதி வாய்ந்தவன் எங்கே இருப்பான் என்று எண்ணத் தோன்றுகிறது. துலாவின்மேல் ஆள் ஏறி மிதிக்க, கீழே ஒருவன் பட்டையை இழுத்துச் சாய்க்க, விடியற்காலம் முதல் அவன் இறைக்கும் நீரின் அளவு அந்தச் சிறு கிணற்றின் கொள்ளளவை எத்தனையோ மடங்கு மிஞ்சும் என்பதும், சுண்ணாம்புக்கல் நிலத்தில் பாய்ந்த தண்ணீரில் ஒரு பங்கு கல்லிடுக்குகளின் வழியே இறங்கி மறுபடியும் கிணற்றையே சேருகிறது என்பதும் அவன் தினந்தோறும் கண்ட உண்மைகளே. இன்றைய அளவின்படி, ஓய்வாயிருக்கும் மனிதனின் இருதயம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 5 லிட்டர் அளவாகிறது. சரீரத்திலுள்ள மொத்த இரத்தமும் அவ்வளவே. ஆதலால் ஒரு நிமிஷத்துக்குள் அவ்வளவு இரத்தமும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது எனலாம். ஹார்வியின் கணக்கில் ஒன்று மட்டும் குறைபட்டிருந்தது: போகும் குழாயும் வரும் குழாயும் எங்கே இணைகின்றன என்பதை அவர் கண்ணால் காணவில்லை. 1661இல் இத்தாலியராகிய மால்பிகி பூதக்கண்ணாடியின் துணையால் தவளையின் நுரையீரலில் அந்த நுண்குழாய்களைக் கண்டறிந்தார். அப்பொழுது ஹார்வி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரத்தவோட்டமாவது இருநூறு ஆண்டு பழகிய செய்தி. சீரணத்தைப் பற்றிய அறிவோ கிறீன் காலத்தில் அப்போதுதான் பிறந்த குழந்தை. 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், மென்மயிர்த் தோல் வியாபாரக் கம்பெனியில் படகோட்டியாயிருந்த அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் இளைஞனின் வயிற்றில் அருகிலிருந்து வெடித்த துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பட்டாள வைத்தியர் வில்லியம் போமான்ட் அவனைப் பிழைக்கவைத்தார். ஆனால் புண் ஆறியபோது இரைப்பைக்குள் நேரே திறக்கும் ஒரு துவாரம் மூடாமல் நிலைத்துவிட்டது. அதன் வழியே பட்டுநூலில் கட்டிய இறைச்சித் துண்டுகளை உள்ளே விட்டு, குறித்த நேரத்தில் வெளியே எடுத்து, எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தார் போமான்ட். இரைப்பை நீரைச் சிறு புட்டியில் வடித்தெடுத்து, உடலின் வெதுவெதுப்பில் வைத்தபோது, சரீரத்துக்கு வெளியேயும் அது உணவைக் கரைப்பதைக் கண்டார். சீரணம் என்பது அரைத்தலோ அழுகலோ அன்று, ஒரு திராவகத்தின் ரசாயனத் தொழில் என்பது அதனால் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. அந்த ஆராய்ச்சி புத்தகமானது 1833இல். கிறீன் யாழ்ப்பாணத்தில் இறங்கியது அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின். இந்தச் சாஸ்திரம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இளமையாயிருந்தபோதே தமிழுக்கு வரத் தொடங்கியதாதலால், விஞ்ஞானம் நமக்கு எப்போதும் பழையதாகித்தான் வந்தது என்ற புலம்பல் இந்த ஒரு விஷயத்திலாவது பொருந்தாது.

ஆரம்பத்தில் கிறீனும் ஆங்கிலத்தில்தான் பாடம் சொன்னார். அவரிடம் படித்துத் தேர்ந்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க உத்தியோகம் பெற்றுக் குடாநாட்டைவிட்டே போய்விடுவதையும், எந்தக் கிராமத்து ஜனங்களுக்காக அவர்களைத் தயாரித்தாரோ அந்த ஜனங்கள் பழையபடி நிற்பதையும் அவர் கண்டார். தேகசுகம் குன்றி 1857ஐ ஒட்டித் தாய்நாடு திரும்பியவர், விவாகம் செய்துகொண்டு 1862இல் மனைவியுடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்தபோது, ஒரு தீர்மானத்தோடு வந்தார். 1864 முதல் வைத்தியப் பாடம் முழுவதும் தமிழிலேயே நடைபெறலாயிற்று. அந்தத் தீர்மானத்தின் துணிவை அக்காலத்து நிலைமையோடு வைத்துப் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் நாட்டுப் பாஷையில் வைத்தியம் கற்பித்துவந்த பள்ளியை 1835இல் அரசாங்கமே கலைத்துவிட்டு, ஆங்கிலத்தில் கற்பிக்கும் கல்லூரியை நிறுவிற்று. சென்னையிலும் அதே ஆண்டில் ஆங்கில வைத்தியப் பள்ளி தோன்றிற்று. வட்டுக்கோட்டைச் செமினரியும் 1855இல் மூடப்பட்டிருந்தது. தேசமெங்கும் ஆங்கிலமே உயர்கல்வியின் பாஷை என்ற முடிவு உறுதிப்பட்டுவிட்ட காலத்தில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், தமிழிலும் வைத்தியம் கற்பிக்க முடியும் என்று வாதாடாமல், கற்பித்தே காட்டினார். அவரிடம் பயின்று வெளியேறியவர்கள் அறுபதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே பயின்றவர்கள்.

பாடம் தமிழில் என்றால் புத்தகமும் தமிழில் வேண்டும். மோன்செலின் பிரசவ வைத்திய நூல் முன்னரே பெயர்க்கப்பட்டிருந்தது. துருவிட்டின் சஸ்திர சிகிச்சை நூல் 'இரணவைத்தியம்' என்று 1867இலும், ஹூப்பருடைய நூல் 'வைத்தியாகரம்' என்று 1872இலும் வெளிவந்தன. அதே 1872இல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்', இன்றைக்கும் உலகெங்கும் வைத்திய மாணவர் கையில் இருக்கிற கிரேயின் உடலமைப்பு நூலைத் தழுவியது. மூலநூலின் முதற்பதிப்பு லண்டனில் 1858இல் வந்தது. ஹென்றி கிரே மூன்றே ஆண்டுகளில், 34ஆம் வயதில், அம்மை கண்டு இறந்துபோனார். அதன் புகழ்பெற்ற சித்திரங்களை வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டரோ அந்த 1858இலேயே பம்பாய்க்கு வந்து, கிராண்ட் வைத்தியக் கல்லூரியில் உடலமைப்புப் பாடம் சொல்லிக்கொண்டு, முப்பது ஆண்டு காலம் இந்தியாவிலேயே உழைத்தார். அந்தச் சித்திரக்காரர் வாழ்ந்த தேசத்திலும் அயலிலும், அவர் உழைப்பு கலந்த அந்நூல் பதினான்கு ஆண்டுகளில் ஒரு நாட்டு மொழியில் முழங்கிற்று என்றால் அந்தப் பெருமை தமிழுக்கு உரியது. பின்னர் வெல்ஸின் ரசாயன நூல் 'கெமிஸ்தம்' என்று 1875இலும், டால்டனின் உடற்றொழில் நூல் 'மனுஷ சுகரணம்' என்று 1883இலும் வந்தன.

இத்தனையும் ஒரு தனிமனிதர் செய்த காரியம் என்று எண்ணுவது அவருடைய தமிழ்த் துணைவர்களுக்கு அநீதி செய்வதாகும். டான்போர்த், சப்மன், போல் என்ற பெயர்களைப் பார்த்து அவர்களை அமெரிக்கர் என்று மயங்கலாகாது. அவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர். மிஷன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்களுடைய செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்க உபகாரிகளின் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம். கிறீனிடமே வைத்தியம் கற்றுத் தாமே ஆசிரியர்களாக உயர்ந்த அவர்கள், வாக்கியந்தோறும் உட்கார்ந்து உழைத்தவர்கள். பரிபாஷைச் சொற்களுக்கு அவர்கள் வகுத்துக்கொண்ட முறையும் தெளிவானது: தமிழில் வழங்கும் சொல் இருந்தால் அதைக் கொள்வது, இல்லையேல் வடமொழியைத் துணைக்கொள்வது, அதுவும் உதவாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதிக்கொள்வது. பின்னாளில் நம்மவர் மாநாடு கூட்டியும் குழு அமைத்தும் நீண்டகாலம் விவாதித்து எட்டிய முடிவு ஏறக்குறைய இதுவேதான்.

கிறீன் மதப்பிரசாரகர். அதை அவர் மறைத்ததில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. தமிழர் கிறிஸ்தவராக வேண்டும் என்பதே அவருடைய பிரார்த்தனையாயிருந்தது. ஆனால் அவர்கள் அமெரிக்கராகவோ ஆங்கிலேயராகவோ ஆகவேண்டும் என்று அவர் விரும்பவில்லை. உடையையும் உணவையும் ஊர்வழக்கத்தையும் விட்டுத் துரைமார்போல் நடக்கும் மாணாக்கரை அவர் கண்டித்தார். வேட்டி உடுத்து, தமிழில் பேசி, தம் ஜனங்களின் நடுவே வாழும் வைத்தியரையே உருவாக்க முயன்றார். அவருடைய சமய நோக்கத்தோடு உடன்படாத வாசகரும் இந்த ஒழுங்கை மதிக்காமலிருக்க முடியாது. ஒரு ஜனசமூகத்தின் பாஷையை அதன் மதத்தை மாற்றுவதற்குரிய கருவியாக மட்டும் கருதியிருந்தால், பிரார்த்தனைப் புத்தகமும் துண்டுப் பிரசுரமும் போதும்; இருதயத்தின் அறைகளையும் மூளையின் மடிப்புகளையும் வர்ணிப்பதற்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் அச்சிட வேண்டியதில்லை.

1873இல் அவர் யாழ்ப்பாணத்தைவிட்டு நிரந்தரமாகப் புறப்பட்டார். பிறந்த பண்ணையாகிய கிறீன் ஹில்லில் இருந்துகொண்டும் தமிழ் வேலையை விடவில்லை. கடைசி நாட்கள் வரையில் கடல் தாண்டி வந்த மொழிபெயர்ப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884 மே மாதம் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்ற செய்தியே, அவருடைய விருப்பப்படி, அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவர் இருக்கும்போதே அவர் முயற்சியின் வேருக்கு நீர் குறைந்துவிட்டது. 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியப் பள்ளி தொடங்கிற்று. அங்கே பாஷை ஆங்கிலம். அதன் பத்திரம் இருந்தால் உத்தியோகம் நிச்சயம். மானிப்பாயில் தமிழில் கற்றவன் வைத்தியம் அறிந்தவனாயிருப்பான், ஆனால் உத்தியோகப் படியில் ஏறமுடியாதவனாயிருப்பான். பிள்ளையை எங்கே அனுப்புவது என்று பெற்றோர் யோசித்ததில் குற்றம் காண்பதற்கில்லை. தமிழில் சாஸ்திரம் சொல்ல முடியாது என்பது நிரூபணமானதால் அந்த முயற்சி நின்றது என்று சிலர் இன்றும் கருதுகிறார்கள். அந்தக் கருத்து சரித்திரத்துக்கு விரோதம். ஜப்பானிய வைத்தியர்கள் டச்சு மொழியிலிருந்த உடலமைப்பு நூலொன்றை மிகுந்த பிரயாசையோடு பெயர்த்து 1774இல் வெளியிட்டார்கள். சீனத்தில் காண்டன் நகரத்து ஆங்கில மிஷனரி வைத்தியர் பெஞ்சமின் ஹாப்சன் 1851இல் சீன மொழியில் எழுதிய சரீர நூல், சில ஆண்டுகளில் ஜப்பானிலும் மறு அச்சாகிப் படிக்கப்பட்டது. காலக்கிரமத்தில் அத்தேசங்களின் வைத்தியக் கல்வி அவரவர் பாஷையிலேயே வேரூன்றிற்று. ஹாப்சன் எழுதிய அதே காலத்தில்தான் கிறீனும் எழுதினார். நூலின் தரத்தில் குறைவில்லை, வாசகரின் அறிவில் குறைவில்லை. அங்கே அரசாங்கத்தின் பாதை அந்த நூல்களை நோக்கித் திரும்பியது; இங்கே எதிர்த்திசையில் சென்றது. வேற்றுமை இவ்வளவுதான்.

அதனால் நேர்ந்த நஷ்டம் சாமானியமானதன்று. தமிழகத்தில் 'ஜனவிநோதினி' போன்ற பத்திரிகைகள் அவ்வப்போது சரீர விஷயங்களை எழுதி வந்தன. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் அவர் நண்பர்களும் தமிழில் சாஸ்திரப் பரிபாஷைச் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டார்கள். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்பு நாட்டில் பிறந்த விபுலாநந்த அடிகள். கோயம்புத்தூர்க் 'கலைக்கதிர்', பெ.நா. அப்புசாமி போன்றவர்களின் இடைவிடாத எழுத்து, பெரியசாமித் தூரன் பொறுப்பில் 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியம் என்று அந்த முயற்சி வளர்ந்த கதை நம்முள் பலருக்குத் தெரியும். அவர்கள் செய்த பணி மகத்தானது. ஆயினும் அவர்கள் தொடங்கிய இடம், மானிப்பாய் நூல்கள் நிறுத்திய இடமன்று. பெரும்பாலும் வெற்றிடத்திலிருந்தே தொடங்கவேண்டியதாயிற்று. பாக்கு நீரிணைக்கு அப்பால், ஒரே பாஷையில், எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முழுச் சாஸ்திரமும் எழுதப்பட்டிருந்ததைச் சென்னைப் படிப்பாளி அறியாதிருந்ததும், யாழ்ப்பாணத்தான் அதை எடுத்துக் காட்டாதிருந்ததும் நம் இரு கரைக்கும் பொதுவான குறை. இலங்கையில் கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலையும், பின்னர் 'மருத்துவத் தமிழ் முன்னோடி' என்ற நூலையும் எழுதி அந்தக் கடனை ஓரளவு தீர்த்தார்.

மானிப்பாயில் கிறீன் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. அவருடைய நூல்களுள் சில இப்போது நூலகம் என்னும் மின்நூலகத்தில், பழைய அச்சின் பக்கங்கள் அப்படியே படமாக எடுக்கப்பட்டு, காசில்லாமல் படிப்பதற்குக் கிடைக்கின்றன. தினந்தோறும் நோயாளியின் எதிரே உட்கார்ந்து, சர்க்கரை நோய் என்றால் என்ன, இரத்த அழுத்தம் என்றால் என்ன என்று நல்ல தமிழில் வாயால் விளக்கிக்கொண்டிருக்கிற வைத்தியர்கள் நம் நாட்டில் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களுள் எழுதக்கூடியவர்கள் அந்த நூல்களில் ஒன்றையாவது எடுத்து முதல் நூறு பக்கம் படித்துவிட்டு, தாம் வாயால் சொல்வதைத் தாளில் எழுதத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.